பேருந்துக்குப் பின்னால் வந்த சிவப்புக் கார்

சிதம்பரம் கீழவீதியில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது காதர் பாயின் மகள் நஸ்ரினின் அழைப்பு வந்தது. "அத்தை, வாப்பா மவுத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம், அவ்வளவுதான். நாங்க கடலூருக்குக் கிளம்பிட்டோம், நீங்களும் வந்துடுங்க." அவள் அழவில்லை, அழுவதற்கு இன்னும் நேரம் வாய்க்காதவள் போலப் பேசினாள். பொறுக்கிய காய்களைக் கூடையிலேயே கொட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

கடலூர் வண்டியில் முன்னிருக்கைகள் காலியாக இருந்தும் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். பி.முட்லூர் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடத்துநர், "யாராச்சும் பின்னாடி வர்றாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் என்னுடையது அல்ல. அது காதர் பாயின் மனைவி மெஹருன்னிசா அண்ணியுடையது. அன்றைக்கு மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் காதர் மொய்தீனோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவருடைய காரைத் தள்ளிவிட்டுக் கைவலி கண்ட நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் கண்காணிப்பாளர், நான் அடுத்த மேசை. அவருடைய சட்டைப் பையில் பேனாவும் மின்சார டெஸ்டரும் எப்போதும் ஜோடியாக நிற்கும். அவசரத்தில் டெஸ்டரை உருவிக் கோப்பில் கையெழுத்துப் போடப் போவார். பிறகு தானே சிரித்துக்கொண்டு, "கரண்ட் இல்லாத கோப்பு தங்கச்சி, நாளைக்குப் பாப்போம்" என்பார். எத்தனை பேருடைய கோப்பு அந்த நகைச்சுவையில் ஒருநாள் தள்ளிப்போனது என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவரை நான் திட்டாத வாரம் கிடையாது.

அந்தக் காரைத்தான் ஊரே பார்த்திருக்கிறதே. வேகத்துக்கென்றே இரண்டு கார்புரேட்டர் வைத்து ஒரு காலத்தில் விற்ற பழைய மாடல். புதுச்சேரியில் கார் ராலி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வாங்கிவந்தார். ஒல்லியாகச் சிவப்பாகக் கிடந்ததால் அலுவலகத்தில் அதற்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். உறுமினால் தாலுகா அலுவலகம் வரைக்கும் கேட்கும். அதை வைத்துக்கொண்டு காதர் பாய் என்ன செய்தார்? கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, அரசுப் பேருந்தின் பின்னாலேயே, அது நிற்கிற இடத்திலெல்லாம் நின்று, அது நகர்ந்தால் நகர்ந்து போனார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வருஷக்கணக்காக.

காரணம் அண்ணி. அவருடைய தம்பி ஓட்டிய வேன் ஒருமுறை நடுரோட்டில் தீப்பிடித்தது. ஆள் தப்பிவிட்டார், இரண்டு கைகளிலும் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. பெருநாளைக்கு வீட்டுக்கு வரும் தம்பி தட்டில் கைவைக்கும்போதெல்லாம் அண்ணி பார்வையைத் திருப்பிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பழைய கார், பெட்ரோல் வாடை, அதிலும் பந்தயக் கார் என்றதும் அவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். "நீங்க ஆசைப்பட்டீங்க, வாங்கிட்டீங்க. வச்சுக்குங்க. என்னைய அதுல ஏறச் சொல்லாதீங்க."

மகள் நஸ்ரின் திருமணமாகி அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகக் குடியிருப்பில் இருந்தாள். மாதத்துக்கு இரண்டு நடையாவது அவளைப் பார்க்கப் போக வேண்டும். காதர் பாய்க்குக் காரில் போக வேண்டும். அண்ணிக்குப் பேருந்தில் போக வேண்டும். இருவரும் சேர்ந்து போய் இறங்கவும் வேண்டும். வேறு யாராயிருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள், அல்லது காரை வீட்டில் விட்டிருப்பார்கள். இவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இதுதான்: அண்ணி பேருந்தின் கடைசி இருக்கையில் உட்காருவார், பாய் காரில் பின்தொடர்வார். அண்ணி திரும்பிப் பார்த்துக் கையாட்டுவார். பாயும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டுவார். சிதம்பரத்தில் இறங்கியதும் பாய் அறிக்கை வாசிப்பார். "ஆலப்பாக்கம் வரைக்கும் நல்லாத் தூங்கினியே. புதுச்சத்திரத்துல எழுந்து முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டே." அண்ணிக்குப் பெருமை தாங்காது. "அவ்வளவு தூரத்துல இருந்தும் கண்ணு என் மேலதான் இருக்குது பாரேன்" என்று என்னிடம் வந்து சொல்வார்.

அந்தக் காருக்கு மெதுவாகப் போவது ஆகவில்லை. கத்திரி வெயிலில், பேருந்துப் புகைக்குள், ஊர்ந்து ஊர்ந்து போனால் இன்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். முன்னால் இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். வண்டி இருமி, திக்கி, நின்றுவிடும். பாய் இறங்கி, நனைத்த துண்டைப் பம்பின் மேல் போட்டுவிட்டுச் சாலையோரம் நிற்பார். பேருந்தின் பின்கண்ணாடிக்குள் அண்ணி எழுந்து நின்று தவிப்பாராம். ஓட்டுநரிடம் போய், "நிறுத்துங்கண்ணே, எங்க வீட்டுக்காரரு பின்னாடி நின்னுட்டாரு" என்று ஒருமுறை கெஞ்சியே விட்டார். அவர் கார் வைத்திருக்கும்போது நீங்கள் ஏன் இதில் வருகிறீர்கள் என்று ஓட்டுநர் கேட்டாராம்.

பாய் துணைப் பம்ப் வைக்கப் போகிறார் என்றதும் அலுவலகத்தில், வயசான காலத்தில் பந்தயத்துக்கு இறங்கிவிட்டார் என்று கேலி செய்தார்கள். நீங்களும் செய்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். வண்டியின் பின்பக்கம், டேங்குக்கு அருகே, மின்சாரத்தில் ஓடும் ஒரு பம்பை வைத்துவிட்டால் அது பெட்ரோலை அழுத்தி முன்னால் தள்ளும். குழாயில் ஆவி கட்டாது. வேகத்துக்காக உலகமே செய்கிற வேலையை அவர் பேருந்தின் பின்னால் ஒழுங்காக ஊர்வதற்காகச் செய்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. கேலியைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

வயரிங்குக்கு என்னைக் கூப்பிட்டார். என் அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் மின்பிரிவில் இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே ஃப்யூஸும் ரிலேயும்தான். பாய்க்கு ஆர்வம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. சாவி சுவிட்சிலிருந்தே ஒரு மெல்லிய வயரை இழுத்துப் பம்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அந்த வயர் சூடாகி உருகும், பிறகு அண்ணி பயந்தது நிஜமாகிவிடும் என்று கத்தினேன். முகம் வாடிப்போய் வயரைச் சுருட்டிக் கீழே வைத்தார். பிறகு, "சரி, நீ சொல்ற மாதிரியே செய்வோம். ஆனா எனக்குப் புரியிற மாதிரி பேரு வச்சுக்கறேன்" என்றார்.

அவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த வயர், 'மாமியார்': சாவியை எடுத்த பிறகும் விழித்துக்கொண்டே இருக்கும், தெரியாமல் தொடக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்த ஃப்யூஸ், 'மாப்பிள்ளை': சின்ன விஷயத்துக்கும் முதலில் கோபித்துக்கொண்டு போகிறவர். ரிலே, 'தரகர்': சாவியிடமிருந்து ஒரு சின்னச் சைகை வந்தால் போதும், இரண்டு பெரிய இடங்களைச் சேர்த்துவைத்துவிடுவார். ஒவ்வொன்றையும் வெள்ளை பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினார். எர்த் வயருக்காகத் தகட்டில் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்த என்னிடம், "உன் பேரை எதுக்கு வைக்கலாம்?" என்று கேட்டார். "ஹாரனுக்கு வச்சுக்குங்க பாய்" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி இதையெல்லாம் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்ரோல் டேங்க் பக்கத்துல கரண்டா? செல்வி, உனக்குமா புத்தி போச்சு?" என்றார். எங்காவது மோதி வண்டி நொறுங்கிக் குழாய் அறுந்தால், இந்தப் பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பயந்தவர்கள் கேட்கும் கேள்விகள் எப்போதும் சரியான இடத்தில் போய்க் குத்தும். பாய் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அந்த வாரமே சென்னைக்குச் சொல்லிவிட்டு ஒரு சின்ன சுவிட்சை வரவழைத்தார். வண்டி எதிலாவது மோதினால், அந்த அதிர்ச்சியிலேயே பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். திரும்ப ஓட வேண்டுமென்றால், கையால் அதன் தலையை அமுக்கினால்தான் உண்டு. அதை டிக்கிக்குள், பக்கத்துத் தகட்டில் பொருத்தினார். அதற்கும் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். என்ன எழுதினார் என்பதை எனக்கும் காட்டவில்லை.

நிரூபித்துக் காட்டச் சொன்னார் அண்ணி. பாய் சாவியைத் திருப்பினார். பின்னால் பம்ப் ரீங்கரிக்கத் தொடங்கியது. டிக்கியைத் திறந்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றி, சுவிட்சுக்குப் பக்கத்துத் தகட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். ரீங்காரம் நின்றது. "பாத்தியா?" என்றார். "செருப்பால அடிச்சாத்தான் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த முறை சிதம்பரம் கிளம்பும்போது பேருந்து நிலையத்துக்குப் போகாமல், காரின் முன்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பாய் என்னையும் ஏறச் சொன்னார். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம்.

சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. "பிஸ்மி சொல்லி முடிக்கிற வரைக்கும் பம்ப் ஓடட்டும். பெட்ரோல் முன்னாடி போய்ச் சேந்துடும்" என்று இருவருக்குமாகச் சொன்னார். அண்ணி வாய்க்குள் முணுமுணுத்தார். பின்னால் பம்பும் முணுமுணுத்தது. வண்டி ஒரே பிடியில் கிளம்பியது. அண்ணி கைப்பிடியை விடவே இல்லை. வழியில் மகளுக்குப் பிடிக்குமென்று ஒரு பண்ருட்டிப் பலாவை வாங்கினார் பாய். நல்ல கனம். டிக்கியில் உருட்டி வைத்து, மூடி சரியாகப் பொருந்தாததால், இரண்டு கையாலும் ஓங்கி அறைந்து சாத்தினார்.

கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. ஆலப்பாக்கம் தாண்டி, நிழலே இல்லாத இடமாகப் பார்த்து நின்றது. புதிதாக வைத்த பம்ப் நின்றுவிட்டால் அதன் வழியாகச் சொட்டுப் பெட்ரோல்கூட முன்னால் வராது. பாய் பானட்டைத் திறந்து மாமியாரைத் தொட்டுப் பார்த்தார், மாப்பிள்ளையைக் கழற்றிப் பார்த்தார். நான் தரகரைத் தட்டிப் பார்த்தேன். எல்லாரும் நலம். நனைத்த துண்டை எடுத்துக்கொண்டு அவர் மறுபடியும் சாலையோரம் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்குப் போய் இப்படி ஆக வேண்டுமா? இனி அண்ணி இந்தப் பக்கமே வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சிதம்பரம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

அண்ணிதான் இறங்கி வந்தார். "செருப்பால ஒரு தட்டு தட்டினதுக்கே நின்னுச்சே. டிக்கியை அந்த அறை அறைஞ்சீங்களே, நிக்காதா?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாய் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். பலாவை நகர்த்தியதும் சுவிட்ச் தெரிந்தது. அதன் மேலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியும் தெரிந்தது. அண்ணி குனிந்து படித்தார்.

"மெஹருன்னு எழுதியிருக்குது. இது என்ன, என் பேரு?"

பாய்க்கு வேர்த்துக் கொட்டியது. "அது வந்து... கொஞ்சம் இடிச்சாக்கூட எல்லாத்தையும் நிறுத்திப்புடும். அதான்."

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு, தன் பெயர் எழுதிய அந்த சுவிட்சின் தலையைத் தானே அமுக்கினார். பம்ப் மறுபடி ரீங்கரித்தது. பாய் குதிக்காத குறை. "பாத்தியா, வேலை செய்யுது! வேலை செய்யுது பாத்தியா!" என்று நடுரோட்டில் கத்தினார். நட்ட நடு வெயிலில் எங்களை நிறுத்தி வைத்ததற்காக இவ்வளவு பூரித்த மனிதரை நான் பார்த்ததில்லை. அண்ணி முக்காட்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "ஓடுற வண்டி ஊருல ஆயிரம் இருக்குது. நிக்கத் தெரிஞ்ச வண்டியில பயமில்லாம உக்காரலாம். எடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

சுவிட்சை டிக்கியிலிருந்து எடுத்து, முன்னால் அண்ணியின் கால்மாட்டில் பக்கத்துத் தகட்டில் மாற்றி வைத்தோம். அதன்பின் அண்ணி பேருந்தில் ஏறவே இல்லை. ஆனால் பாய்தான் மாறவில்லை. வழியில் சிதம்பரம் பேருந்து அகப்பட்டால் அதன் பின்னாலேயே போவார். சாலை காலியாக இருக்கும், மிளகாய் துடிக்கும், இவர் தாண்ட மாட்டார். "முந்துங்களேன், புகை மூஞ்சியில அடிக்குது" என்று அண்ணி திட்டுவார். "இல்ல மெஹரு, பஸ்ஸுக்குள்ள நீ இருக்கற மாதிரியே இருக்குது. எப்படி முந்துறது?" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இப்படிச் சொல்ல அவரால்தான் முடியும்.

அவர் போன அன்று அந்த வீட்டில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லாம முந்திப் போயிட்டாங்களே செல்வி?" பாயின் மையத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, உறை போட்டு மூடிய கார் ஓரமாக நின்றிருந்தது. ஆண்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்ததும் அண்ணி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மகள் வீட்டுக்குப் போக வேண்டுமாம். மருமகன் புதுக் காரை அனுப்புகிறேன் என்றாராம், வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "நீ வந்து ஓட்டு. உனக்குத்தான் அதோட சொந்தக்காரங்க எல்லாரையும் தெரியும்" என்றார். பேட்டரி இறங்கிப் போயிருந்தது. கழற்றிச் சார்ஜ் போட்டுத் திரும்ப மாட்டினேன். மாமியார், மாப்பிள்ளை, தரகர், எல்லாரும் அவர் கையெழுத்தில் அப்படியே இருந்தார்கள். பிளாஸ்திரியின் ஓரங்கள் மட்டும் பழுத்திருந்தன. சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். அண்ணி முணுமுணுத்தார், பின்னால் பம்ப் முணுமுணுத்தது. இருவரும் முடித்த பிறகு ஸ்டார்ட் செய்தேன்.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிதம்பரம் பேருந்து ஒன்று அகப்பட்டது. எதிரே ஒருவரும் வரவில்லை. நான் ஒடித்துத் திருப்பப் போனேன்.

"முந்தாதே செல்வி. பின்னாடியே போ."

போனேன். அது நின்றபோது நின்றேன். அண்ணி முன்னால் குனிந்து பேருந்தின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. கண்ணாடி முழுக்கத் தூசி, அதன் மேல் விளம்பரத் தாள் ஒட்டிக் கிழித்த அடையாளம், அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதுகூடத் தெரியவில்லை.

"எல்லா பஸ்ஸுமே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் இப்படித்தான் அண்ணி."

"அப்ப நான் தூங்கினது, முக்காடு இழுத்து விட்டதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது அவுங்களுக்கு?"

"நீங்க ஒவ்வொரு தடவையும் தூங்குவீங்களே அண்ணி. எழுந்தா முதல்ல முக்காட்டைத்தானே சரி பண்ணுவீங்க."

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "ஒண்ணுமே தெரியாமலேயா இத்தனை வருஷம் கையாட்டிக்கிட்டு வந்தாங்க?" என்றார்.

காதர் பாயிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்த வண்டியில் ஏறினாலும் சாவியைத் திருப்பிவிட்டு ஒரு பிஸ்மி அளவு நேரம் காத்திருக்கிறேன். அரபு தெரியாத எனக்கு அதற்கு வார்த்தை கிடையாது, காத்திருப்பு மட்டும் உண்டு. அவசரமே இல்லாத ஒரு வேகமான கார் எனக்குத் தெரியும். முகம் தெரியாத கண்ணாடிக்குப் பின்னால் தன் ஆள் இருக்கிறாள் என்று நம்பி, கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் கையாட்டிக்கொண்டு வந்த ஒருவரோடு நான் அடுத்த மேசையில் வேலை பார்த்தேன். எனக்கு அது போதும்.

வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியது. நாங்களும் அதன் பின்னால் ஏறினோம். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார்.